டிஸ்க் விலை கேட்டு வரும் ஸ்டுடியோக்காரர்களுக்கு

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கும்பாபிஷேகம் என்று ஊர் ஊராகக் கேமரா தூக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், எடிட்டிங் டேபிளில் விடிய விடிய உட்காரும் தங்கைகளுக்கும்,

உங்களுக்கு சிஸ்டம் அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர்களில் ஒருவன் நான். இப்போதெல்லாம் உங்களில் யார் கடைக்கு வந்தாலும் பேச்சு ஒன்றுதான். "போன தடவை வாங்கின அதே எஸ்எஸ்டி, அதே ஒரு டிபி. விலை மட்டும் எப்படிண்ணே இப்படி?" சிலர் என் முன்னாலேயே சென்னை ரிச்சி தெருவுக்குப் போன் போட்டு விசாரிக்கிறீர்கள். அங்கேயும் அதே விலை என்றதும், "எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டீங்க" என்கிறீர்கள். பேசி வைத்துக்கொள்ளும் அளவுக்கு எங்களுக்குள் ஒற்றுமை இருந்திருந்தால் பாதி வியாபாரத்தை ஆன்லைன்காரனிடம் விட்டிருப்போமா? விலை எங்கே ஏறுகிறது, எதற்கு ஏறுகிறது, அதில் உங்கள் கையில் இருப்பது எவ்வளவு என்பதையெல்லாம் கவுன்ட்டரில் நின்றபடி சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

வாரண்டி முடிந்த பழைய சாட்டா எஸ்எஸ்டி ஏதாவது கையில் இருந்தால் திறந்து பாருங்கள். முக்கால்வாசிப் பெட்டி காலியாகத்தான் இருக்கும். ஒரு ஓரத்தில் சின்னதாகப் பச்சைப் பலகை. அதன்மேல் சதுரமாக ஒரு சிப், அது கன்ட்ரோலர். பக்கத்தில் கறுப்பாக ஒன்றோ இரண்டோ நாலோ சிப்புகள், டேட்டா தங்குவது அவற்றில்தான். நாண்ட் ஃபிளாஷ் என்பது அவற்றின் பெயர். கொஞ்சம் உசத்தியான டிஸ்க் என்றால் குட்டியாக ஒரு டிராம் சிப்பும் இருக்கும். சரக்கு அவ்வளவுதான். கன்ட்ரோலர், பலகை, உறை, அட்டைப்பெட்டி, ஏற்றுக்கூலி இவையெல்லாம் 256 ஜிபிக்கும் ஆகும், 1 டிபிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் ஆகும். 256 ஜிபி டிஸ்க் ஒருநாளும் 512 ஜிபியின் பாதி விலைக்கு வராததற்குக் காரணம் இது. அளவு கூடக் கூட மற்ற செலவெல்லாம் அமுங்கிப்போய், மொத்த விலையையும் தீர்மானிப்பது அந்தக் கறுப்புச் சிப்தான்.

டோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987இல் உலகுக்குக் காட்டியது இந்த நாண்ட். இன்றைக்கு அதைப் பெரிய அளவில் செய்பவர்கள் ஆறே பேர். தென் கொரியாவில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ். ஜப்பானில் யொக்கைச்சி, கித்தகாமி ஆலைகளைக் கூட்டாக நடத்தும் கியோக்சியாவும் சான்டிஸ்க்கும். சிங்கப்பூரில் ஆலை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம் மைக்ரான். சீனாவில் ஊஹான் நகரத்து ஒய்எம்டிசி. என் அலமாரியில் நீங்கள் பார்க்கிற மற்ற பிராண்டுகள் எல்லாம் இவர்களிடம் சிப் வாங்கி, தைவான் கம்பெனிகளிடமோ சீனக் கம்பெனிகளிடமோ கன்ட்ரோலர் வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி விற்பவை. ஆக, நான் உங்களுக்கு எத்தனை பிராண்டு எடுத்துக் காட்டினாலும் விலை போய் நிற்பது அந்த ஆறு பேர் வாசலில்.

அவர்களுக்கு என்ன செலவு? மூலப்பொருளான சிலிக்கான் பெரிய செலவில்லை, செய்முறைதான் செலவு. ஒரு காலத்தில் டேட்டாவைத் தாங்கும் செல்களைத் தரையோடு தரையாகப் பரப்பினார்கள். சிறிதாக்கிச் சிறிதாக்கி இனி முடியாது என்ற நிலை வந்தபோது, மேலே மேலே அடுக்க ஆரம்பித்தார்கள். 2013இல் சாம்சங் 24 அடுக்கில் தொடங்கியது. 2024 நவம்பரில் எஸ்கே ஹைனிக்ஸ் 321 அடுக்குக்கு வந்துவிட்டது. அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, உச்சியிலிருந்து அடிவரை நேர்க்கோடாகத் துளை போடவேண்டும். வேஃபர் எனப்படும் ஒரு சிலிக்கான் தட்டில் இப்படி லட்சம் கோடிக்கும் மேல் துளைகள். கீழே போகப் போகத் துளை சாய்ந்தாலோ குறுகினாலோ அந்த இடம் பாழ். அடுக்கு கூடக் கூட இந்த வேலைக்கு ஆகும் நேரமும் மெஷினும் கூடும். ஒரு வேஃபர் உள்ளே போய் முழுதாக வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும்.

செலவின் பெரும்பகுதி அந்த மெஷின்களில்தான் முடங்கிக் கிடக்கிறது. ஒரு ஆலை எழுப்பப் பல நூறு கோடி டாலர், இரண்டு மூன்று வருடம். எழுப்பிவிட்டால் ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்மானக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் விலை விழுந்தாலும் சட்டென்று நிறுத்த மாட்டார்கள், நட்டத்துக்காவது ஓட்டுவார்கள். எல்லோரும் அப்படி ஓட்டும்போது சரக்கு குவிந்து விலை இன்னும் விழும். பிறகு தாங்க முடியாமல் எல்லோருமாகக் குறைப்பார்கள். குறைத்த சமயம் பார்த்துத் தேவை கூடும், விலை கண்டபடி ஏறும். கூடுதலாகச் செய்யலாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தாலும் சரக்கு வர வருடங்கள் ஆகும். தக்காளி கிலோ நூறு ரூபாய் விற்றதைப் பார்த்து ஊரே தக்காளி நட்டு, அடுத்த போகத்தில் வண்டி வாடகைக்குக்கூடத் தேறாமல் ரோட்டில் கொட்டுகிற கதைதான் இது.

இந்த ஏற்ற இறக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 2016, 2017இல் தரைப்பரப்பிலிருந்து அடுக்குக்கு மாறும் இடைவெளியில் சரக்கு குறைந்து விலை ஏறியது. அடுத்த இரண்டு வருடம் வழிந்து இறங்கியது. 2019 ஜூன் 15ஆம் தேதி யொக்கைச்சியில் 13 நிமிடம் கரண்ட் போனது. நம்ம ஊரில் 13 நிமிட கட் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வருவோம். அங்கே உள்ளே ஓடிக்கொண்டிருந்த வேஃபர்களும் மெஷின்களும் பாதிக்கப்பட்டதில், அப்போது சான்டிஸ்க்கின் உரிமையாளராக இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பங்குக்கு மட்டும் சொன்ன இழப்பு சுமார் 6 எக்ஸாபைட். ஒரு டிபி டிஸ்க்காகக் கணக்குப் போட்டால் 60 லட்சம் டிஸ்க். 2022 பிப்ரவரியில் அதே கூட்டு ஆலைகளில் ஏதோ ஒரு பொருள் மாசுபட்டுப்போனது. குறைந்தது 6.5 எக்ஸாபைட் போயிற்று என்று அறிவித்தார்கள். நடுவில் 2021இல், டிஸ்க் இடத்தை வைத்தே 'சியா' என்ற கிரிப்டோ காசு எடுக்கலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பிக் கொஞ்ச காலம் எல்லோர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டது.

கோவிட் முடிந்து வீட்டிலிருந்து வேலை என்ற வேகம் அடங்கியதும் 2022இன் பிற்பாதியில் எல்லாம் கவிழ்ந்தது. 2023இல் சாம்சங்கின் சிப் பிரிவு கிட்டத்தட்ட 15 லட்சம் கோடி வோன் நட்டம் காட்டியது. உற்பத்தியைக் குறைக்கவே மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த அதே சாம்சங், அந்த ஏப்ரலில் குறைக்கிறோம் என்று வாய்திறந்து சொன்னது. அந்தக் கோடையில் அமெரிக்கச் சந்தையில் ஒரு டிபி என்விஎம்இ டிஸ்க் 50 டாலருக்குக் கீழே கிடைத்தது. 2008இல் இன்டெல் எக்ஸ்25-எம் வந்தபோது 80 ஜிபிக்கு 595 டாலர் கேட்டார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய சரிவு என்று தெரியும்.

உங்களில் பலர் மனதில் "சரியான விலை" என்று பதிந்திருப்பது அந்த 2023 விலை. செய்தவனுக்கே நட்டம் தந்த விலை அது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு இன்றைய விலையைப் பார்த்தால் எல்லாம் கொள்ளையாகத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒருமுறை ஏறி, ஒருமுறை தணிந்து, 2025இன் தொடக்கத்தில் மறுபடி உற்பத்தியைக் குறைத்தார்கள். அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது ஏஐ. ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க் வேண்டும். அதற்குத் தட்டுப்பாடு வந்ததும் அவர்கள் பார்வை எஸ்எஸ்டி பக்கம் திரும்பியது. அவர்கள் மொத்தமாக, வருடக் கணக்கில் ஒப்பந்தம் போட்டு வாங்குபவர்கள். நீங்களும் நானும் ஒன்று இரண்டு என்று வாங்குபவர்கள். சிப் கம்பெனி யாரைக் கவனிக்கும்? போதாக்குறைக்கு ஏஐக்கு வேண்டிய டிராமில் லாபம் அதிகம் என்பதால் முதலீடும் அந்தப் பக்கம் சாய்ந்தது. 2025 செப்டம்பரில் சான்டிஸ்க் பத்து சதவீதத்துக்கு மேல் விலையேற்றம் அறிவித்தது. டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் தன் 'க்ரூஷியல்' பிராண்டையே மூடிவிடுவதாகச் சொன்னது. சில்லறை வாடிக்கையாளருக்கு வரிசையில் எந்த இடம் என்பதற்கு இதைவிட வெளிப்படையான பதில் வேண்டுமா?

இதெல்லாம் கொரியாவிலும் ஜப்பானிலும் நடப்பது. நம் எல்லைக்குள் வந்ததும் இரண்டு சேர்கிறது. ஒன்று ரூபாய். 2022 தொடக்கத்தில் டாலர் 75 ரூபாய்க்குப் பக்கம் இருந்தது. 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. சிப் கம்பெனி ஒரு பைசாகூட ஏற்றவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 100 டாலர் சரக்கு 7,500 ரூபாயிலிருந்து 9,000 ஆகிறது. இரண்டாவது 18 சதவீத ஜிஎஸ்டி. அதையும் போட்டால் 8,850 ரூபாய் இருந்தது 10,620. வரி விகிதம் மாறவில்லைதான், ஆனால் அது ஏறிய விலையின்மேல் விழுகிறது. "பில் இல்லாமக் குடுங்கண்ணே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஸ்டுடியோ முறையான ஜிஎஸ்டி பதிவில் இருந்தால், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாவிட்டால், அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாவிட்டால் அதுவும் போச்சு, வாரண்டியும் போச்சு.

குஜராத்தில் சானந்தில் மைக்ரான் ஆலை வந்துவிட்டதே, இனி விலை இறங்காதா என்று கேட்கிறார்கள். அது வெளிநாட்டில் செய்துவந்த வேஃபரை அறுத்து, பேக் செய்து, டெஸ்ட் செய்யும் ஆலை. நல்ல விஷயம்தான், ஆனால் நாண்ட் அங்கே பிறப்பதில்லை.

இனி, ஒரே அலமாரியில் ஒரே ஒரு டிபிக்கு இத்தனை விலை ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் பிழைப்போடு சம்பந்தப்பட்டது இதுதான்.

ஒரு செல்லில் எத்தனை பிட் வைப்பது என்பதில்தான் மலிவு தொடங்குகிறது. ஒரு பிட் என்றால் அந்தச் செல் இரண்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். இரண்டு பிட்டுக்கு நான்கு நிலை, மூன்றுக்கு எட்டு, நான்குக்குப் பதினாறு. மூன்று பிட் டிஸ்க்கை டிஎல்சி என்றும் நான்கு பிட்டை க்யூஎல்சி என்றும் சொல்வார்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனபோது கிடைத்தது இரட்டிப்பு இடம். மூன்றிலிருந்து நான்குக்குப் போவதில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். கொடுக்கும் விலையோ பெரிது: எழுதும் வேகமும் ஆயுளும் இறங்கிவிடும்.

சாம்சங்கின் சாட்டா டிஸ்க் இரண்டை எடுத்துக்கொள்வோம், இரண்டும் ஒரு டிபி. 870 ஈவோ டிஎல்சி: ஐந்து வருடம் அல்லது 600 டிபி எழுதும்வரை வாரண்டி. 870 க்யூவோ க்யூஎல்சி: மூன்று வருடம் அல்லது 360 டிபி. வெளியே அட்டையில் எழுதும் வேகம் இரண்டுக்கும் விநாடிக்கு 530 எம்பி என்றே இருக்கும். க்யூவோவில் அந்த வேகம் முதல் 42 ஜிபிக்குத்தான். அதுவரை ஒரு பிட்டாக வேகமாக எழுதிவைத்துக்கொள்ளும் தற்காலிக இடம் அது. அது நிரம்பியதும் வேகம் 80 எம்பிக்கு விழும். ஒரு முகூர்த்தத்தின் 128 ஜிபி ஃபுட்டேஜை வேறொரு வேகமான டிஸ்க்கிலிருந்து இதற்குக் காப்பி போட்டுப் பாருங்கள். முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்துக்குள் ஏறிவிடும். மீதி 86 ஜிபி ஏற 18 நிமிடம் ஆகும். ஹார்டு டிஸ்க்கைவிட மெதுவாகப் போகுது, டிஸ்க் பழுது, மாத்திக் கொடுங்க என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது பழுதான டிஸ்க்கே இல்லை.

க்யூஎல்சியைக் குற்றம் சொல்லவில்லை. ஆபீஸ் கணினிக்கும் கல்லூரிப் பிள்ளையின் லேப்டாப்புக்கும் அது தாராளம். தினமும் கார்டு கார்டாகக் கொட்டுகிற உங்கள் வேலைக்கு ஆகாது. கணக்குப் போட்டுச் சொல்கிறேன். 4கே 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் கேமரா மணிக்கு 45 ஜிபி எழுதும். மூன்று கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 810 ஜிபி. எடிட்டிங் கேஷ், ரெண்டர், திருத்தம், மறு ரெண்டர் எல்லாம் சேர்த்து ஒரு கல்யாணத்துக்கு 2 டிபி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். வருடத்துக்கு 50 கல்யாணம் என்றால் 100 டிபி. 600 டிபி டிஸ்க் ஆறு வருடம் ஓடும். 360 டிபி டிஸ்க் மூன்றரை வருடத்தில் எல்லையைத் தொடும். அந்த எல்லையில் டிஸ்க் செத்துவிடும் என்றில்லை, ஆனால் அதற்கு முன்பே வருடக் கணக்கில் வாரண்டி செத்திருக்கும்.

இன்னொரு பக்கம், தேவையில்லாததற்குக் காசு கொடுப்பதும் நடக்கிறது. "ஜென் 5 போடுங்கண்ணே, பத்தாயிரம் எம்பி ஸ்பீடாம்" என்கிறீர்கள். நீங்கள் எடிட் செய்யும் 100 எம்பிபிஎஸ் வீடியோ ஒன்று டிஸ்க்கிடம் கேட்பது விநாடிக்கு 12.5 எம்பி. மூன்று கேமராவும் ஒன்றாக டைம்லைனில் ஓடினால் 37.5 எம்பி. சாட்டா எஸ்எஸ்டியே இதைத் தூங்கிக்கொண்டு கொடுக்கும். டைம்லைன் திக்கினால் பெரும்பாலும் பிராசஸரையோ கிராஃபிக்ஸ் கார்டையோ பாருங்கள், இல்லையென்றால் பிராக்ஸி போடுங்கள். டிராம் சிப் விவகாரமும் அப்படித்தான். டிராம் இல்லாத என்விஎம்இ எல்லாம் குப்பை என்று யூடியூபில் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். சிஸ்டத்துக்குள் போட்டால் அது கணினியின் மெமரியில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் யுஎஸ்பி கேஸில் போட்டு வெளியே தூக்கிக்கொண்டு போனால் அந்தக் கடன் கிடைக்காது. கையோடு கொண்டுபோகும் டிஸ்க்குக்கு டிராம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆன்லைனில் 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய் என்று காட்டி "இது மட்டும் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இத்தனை கதையும் சொன்ன பிறகு பதில் தேவைப்படாது. அப்படிப்பட்டவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மெமரி கார்டை கார்டு ரீடர் பலகையில் செருகி, 16 டிபி என்று பொய் சொல்லும்படி எழுதி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் புதிதாக எழுதுவது பழையதன்மேலேயே விழும். முகூர்த்தம் வந்து மாப்பிள்ளை அழைப்பை அழித்துவிடும். காப்பி முடிந்தது என்று கணினி சொல்லும், திறக்கும்போதுதான் தெரியும்.

கடைசியாகப் பத்திரப்படுத்துவது பற்றி. இடம் பற்றாமல் பழைய கல்யாணங்களை எல்லாம் எஸ்எஸ்டியில் போட்டுப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறீர்கள். செல்லில் அடைபட்டிருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். ஜெடெக் என்ற அமைப்பின் தரநிலைப்படி, எழுதும் எல்லையை எட்டிவிட்ட சாதாரண எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் டேட்டாவைக் காக்கவேண்டும், அவ்வளவுதான். புது டிஸ்க் இதைவிட நெடுநாள் தாங்கும். தேய்ந்த டிஸ்க், ஏசி இல்லாத அறை, சித்திரை வெயில் மூன்றும் சேர்ந்தால் நான் பொறுப்பில்லை. பழையதை ஹார்டு டிஸ்க்கில் போடுங்கள், இரண்டு பிரதியாகப் போடுங்கள். ஹார்டு டிஸ்க்கும் ஏறியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் டிபி ஒன்றுக்கு எஸ்எஸ்டியைவிட இன்னும் மலிவுதான்.

ஆக என்ன வாங்குவது? எடிட்டிங்குக்கு டிஎல்சியில் நல்லதாக ஒரு டிபியோ இரண்டு டிபியோ, கிடங்குக்கு ஹார்டு டிஸ்க். இப்போது வேலைக்குத் தேவை என்றால் இப்போதே வாங்குங்கள், அடுத்த மாதம் இறங்கும் என்று யாரும் உங்களுக்கு எழுதிக்கொடுக்க முடியாது. தேவையில்லை என்றால் ஏறப்போகிறது என்ற பயத்தில் வாங்கி அடுக்காதீர்கள். இந்தச் சரக்கு ஏறியதெல்லாம் இதுவரை ஒருநாள் இறங்கியும் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. டிஸ்க் விலை ஏறும்போது என்னிடம் பேரம் பேசுகிறீர்கள், ஆனால் பெண் வீட்டாரிடம் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஆல்பத்துக்கு இவ்வளவு, ட்ரோனுக்கு இவ்வளவு, கிரேனுக்கு இவ்வளவு என்று எழுதுகிற கொட்டேஷனில் டேட்டாவுக்கென்று ஒரு வரி கிடையாது. இரண்டு வருடம் கழித்து வந்து "அந்த ரா ஃபுட்டேஜ் இருக்கா?" என்று கேட்டால் தேடித் தருகிறீர்கள், அதுவும் இலவசமாக. வரும் முகூர்த்த சீசனிலிருந்து கொட்டேஷனில் இரண்டு வரி சேருங்கள்: ஃபுட்டேஜை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், அதற்குமேல் வேண்டுமென்றால் டிஸ்க்குக்கு எவ்வளவு தரவேண்டும். கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டம்காரன்